இரண்டு மழைகளின் சராசரி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல, ஒட்டுக்கேட்டது. ஓர் ஆய்வுக்கூடத்தின் தேநீர் அறையில், பக்கத்து மேசையில் ஒருத்தி தோழியிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். நாகரிகமாக எழுந்து போயிருக்கலாம். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். வெட்கக்கேடுதான், எழுத்தாளன் புத்தி.

2

முதல் வரி: ‘பருவநிலை மாறியதால் தவளைகள் மாண்டன.’

(அடித்துவிட்டேன். எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டக் கூடாது.)

நடந்தது இதுதான். அக்காவும் தங்கையும் ஒரே இடத்தில் வேலை; அழுதவள் தங்கை. அருகிப்போன ஒரு தவளை இனத்தைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பவள் அக்கா. அவற்றை எந்தக் குட்டையில் விடலாம் என்று வட்டாரப் பருவநிலைக் கணிப்புகளைப் பார்த்துச் சொல்பவள் தங்கை. மலைக்குட்டைக்கு இரண்டு கணிப்புகள் இருந்தன. ஒன்று, மழை கொட்டித் தீர்க்கும் என்றது. மற்றது, சொட்டுத் தண்ணீர் இருக்காது என்றது. தங்கை இரண்டையும் கூட்டி வகுத்தாள். ‘பெரிய மாற்றம் இல்லை’ என்று வந்தது. இரண்டில் ஒன்றுகூடச் சொல்லாத விடை!

குட்டை வறண்டது. விட்ட தவளைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

3

"நான்தான்டி சரியா வளர்க்கல. தொட்டியிலயே வச்சு செல்லம் கொடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

"விடுக்கா" என்றாள் தங்கை. தான் கூட்டி வகுத்ததைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்காவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

[இங்கே அவளுக்காகப் பரிந்து பேசி ஒரு பத்தி எழுதினேன். வேலைப் பளு, மேலதிகாரியின் அவசரம், அதற்கும் மேலாக அவளுடைய… சீ, வேண்டாம்.]

அவள் சொன்னது இதுவரைதான். வண்டி வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மீதி என் கற்பனை.

4

வாசலில் வண்டி. தொட்டிகளில் மிச்சமிருக்கும் தவளைகளை ஈரப்பாசி போட்ட டப்பாக்களில் அடுக்குகிறாள் அக்கா. அவை போகவிருக்கும் அடுத்த குட்டையும் தங்கை அதேபோலக் கூட்டி வகுத்துச் சொன்ன குட்டைதான்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? இந்தக் குட்டை நல்லதுதானே? நீ சொன்னா எனக்குப் போதும்."

முடிவு ஒன்று: தங்கை உண்மையைச் சொல்கிறாள். தவளைகள் தொட்டிக்குத் திரும்புகின்றன. அக்கா அதன்பின் அவளோடு பேசுவதில்லை.

முடிவு இரண்டு: "நல்லதுதான்க்கா." வண்டி கிளம்புகிறது.

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அதனால் நடுவில் ஒன்று எழுதினேன்: பாதி உண்மை சொல்கிறாள், பாதித் தவளைகள் போகின்றன, அக்கா பாதி மன்னிக்கிறாள். எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அட, நானும் கூட்டி வகுத்திருக்கிறேன்! மானம் போயிற்று. கிழித்துப் போட்டேன்.

அக்கா கடைசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஒன்றா, இரண்டா? நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.