ஜோன்ஸ் அண்ணன் கொண்டுவந்த மிஷின்

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஞானசீலன் வேலை பார்த்தான். மழை நாளில் அங்கிருந்த இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, மூளை வீங்கிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றே ஆபரேஷன் செய்தார்கள். வீங்கிய மூளைக்கு இடம் கொடுப்பதற்காக மண்டையோட்டின் வலப்பக்கத்தில் ஒரு துண்டு எலும்பை எடுத்துவிட்டு, தோலை மட்டும் மூடித் தைத்திருந்தார்கள்.

அவன் மனைவி சுனிதா ஐ.சி.யூ. வாசல் பெஞ்சிலேயே கிடந்தாள். துணைக்கு வந்தவர் அவளுடைய அண்ணன் ஜோன்ஸ். செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர், சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். எந்த விஷயத்திலும் முதல் இரண்டு நிமிஷத்தைக் கேட்டுவிட்டு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆள்.

“ஏட்டி, இங்க பாரு” என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். “அல்ட்ராசவுண்டு வச்சே மூள வீக்கத்த எறக்குதானுவ. கத்தி கெடயாது, ரத்தம் கெடயாது. மண்ட மேல வச்சா போதும், நீரெல்லாம் வடிஞ்சிரும். இங்க உள்ளவனுவளுக்கு ஒரு எழவும் தெரியல.”

சுனிதா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நம்பவும் நம்பினாள். அன்று அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.

மறுநாள் டாக்டர் சைனப் ரவுண்ட்ஸ் வந்தபோது ஜோன்ஸ் வழிமறித்து, இந்தியில் சத்தமாகப் பேசினார். டாக்டர் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். பிறகு சுனிதாவிடம்தான் பேசினார்.

“இது எலிகளுக்குச் செய்து பார்த்தது. நல்ல ஆராய்ச்சி, நான் கேலி செய்யவில்லை. ஆனால் மனுஷர்களுக்கு வைத்தியமாக இன்னும் வரவில்லை. எவ்வளவு வைப்பது, எங்கே வைப்பது, எதுவும் முடிவாகவில்லை. இங்கே அல்ட்ராசவுண்ட் மிஷின் உள்ளே பார்ப்பதற்கு மட்டும்தான்.”

ஞானசீலனின் மூடிய இமைமேல் ஜெல் தடவி, சின்னக் கருவி ஒன்றை மெதுவாக வைத்துக் காட்டினார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பின் உறை புடைக்குமாம். திரையைப் பார்த்து, “குறைந்துகொண்டு வருகிறது” என்றார். சுனிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“பாத்தியா, நான் சொன்ன பொறவுதான மிஷின எடுத்தாவ?” என்றார் ஜோன்ஸ். “அதையும் கண்ணுல கொண்டுபோய் வைக்காவ. மண்டையிலல்லா வைக்கணும்!”

ஞானசீலனை வார்டுக்கு மாற்றிய வாரம், சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில், சுனிதா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தால் ஜோன்ஸ் கட்டில்மேல் குனிந்துகொண்டிருக்கிறார். காட்கோபரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய அல்ட்ராசவுண்ட் மிஷின் ஸ்டூலில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை நிறைய ஜெல். கருவி, எலும்பில்லாமல் குழைந்து கிடந்த அந்த வலப்பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சுனிதா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கருவி கைநழுவி, கட்டில் கம்பியில் மோதித் தொங்கியது.

“அங்க எலும்பு இல்லண்ணே! தோலுக்கு அடியில மூளதான் இருக்கு!”

“மெதுவாத்தான வைக்கப் போறேன். ஒனக்கு சயின்ஸ் தெரியாது.”

“இது முட்டிவலிக்கு வைக்கித மிஷினு. ஒன் முட்டியில வச்சுக்கோ. ஒன் மூள அங்கதான் கெடக்கு.”

சத்தம் கேட்டு வந்த நர்ஸ் வயரைப் பிடுங்கினார். இனி வார்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி ஜோன்ஸை வெளியேற்றினார்கள். ஜெல் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி, கமிட்டி மெம்பர் நடையிலேயே போனார்.

வீக்கம் மருந்தாலும் நாளாலும் வடிந்தது. ஒரு காலையில் ஞானசீலன் விரலை அசைத்தான். பிறகு சுனிதாவை அடையாளம் கண்டான். அவள் பெயர் வாயில் வர இன்னும் நாளானது. சில மாதம் கழித்து எலும்பையும் வைத்துத் தைத்தார்கள். இடது கை மட்டும் இன்னும் சரியாக மூடவில்லை.

ஞானசீலன் பிழைத்ததற்கு நன்றி சொல்லச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். ஜோன்ஸ் மைக்கைப் பிடித்தார். “டாக்டர்கள் கைவிட்ட நேரத்துல, கர்த்தர் எனக்கு ஒரு மிஷின காட்டிக் கொடுத்தாரு…”

பெண்கள் வரிசையில் சுனிதா எழுந்தாள்.

“டாக்டருங்க யாரும் கைவிடல. அண்ணன் மிஷின் இவிய தலையில படவும் இல்ல. பட்டிருந்தா இன்னைக்கி இங்க உக்காந்திருக்க மாட்டாவ.”

போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். ஜோன்ஸ் மைக்கோடு நின்றார், தாளம் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

கூடப்பிறந்தவனைச் சபை நடுவில் அவமானப்படுத்தலாமா என்று வீட்டுக்கு வரும் வழியில் ஞானசீலன் திக்கித் திக்கிக் கேட்டான்.

“அந்த வீடியோவ நானும் நம்புனேங்க” என்றாள் சுனிதா. “நீங்க பொழைக்கணுமேன்னு நம்புனேன். அவன் பேர் வாங்கணும்னு நம்புனான். அதத்தான் என்னால தாங்க முடியல.”

அடுத்த செக்கப்பில் டாக்டர் சைனப் ஞானசீலனை நடக்கவைத்துப் பார்த்தார். அந்த அல்ட்ராசவுண்ட் வைத்தியம் என்னவாயிற்று என்று சுனிதாவே இந்தியில் கேட்டாள்.

“இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது. ஒருநாள் வந்தாலும் வரும்.”

“வந்தா எங்கிட்ட சொல்லுங்க டாக்டர். எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். ஞானசீலன் வலது கையால் கதவைத் திறந்து, அவள் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.