ஒருவர் தூக்கக்கூடிய வடம்

"இதை ஜீப்பில ஏத்துங்க தம்பி" என்றார் சார்ஜன்ட் நிப்றாஸ். "நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். சான்றுப்பொருள்."

தனஞ்சயன் வீதியோரம் சுருண்டு கிடந்த கப்பல் வடத்தின் ஒரு நுனியைத் தூக்கினான். நுனி மட்டும் வந்தது. ஆளின் முழங்கை அளவு தடிப்பு. மழைத் தண்ணீரும் மணலும் ஏறி இரட்டிப்புக் கனமாகியிருந்தது. இழுத்துப் பார்த்தான். அரை அடி அசைந்தது. அதற்கு மேல் ஏலவில்லை.

வேலிகளுக்குப் பின்னால் சனம் நின்றது. எல்லோரும் சாம்பல்தீவுச் சனம், எல்லோரையும் அவனுக்குத் தெரியும்.

பொலிஸ் ஃபைலில் இருந்த வாக்குமூலங்களின்படி, இந்த வடத்தைத் தனியாகக் கொண்டுவந்து, தனியாக வீதிக்குக் குறுக்கே நாலு வரியாக மடித்துப் போட்டு, தனியாக இரும்பு முளை அறைந்தவன் அவன்தான். வழக்கு ஒன்று பதிவானால் துறைமுகப் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். பாஸ் இல்லையென்றால் சீமெந்துக் கப்பல்களை வடத்தால் பிணைக்கும் இறங்குதுறையில் அவனுக்கு வேலை இல்லை. பன்னிரண்டு வருட வேலை. பாஸ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

தை மாதம் அயல்வீட்டுப் புஷ்பவதியின் மகள் கௌசிகாவை இதே வீதியில் நிலாவெளிப் பக்கம் போன வான் ஒன்று அடித்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்கு முன்பே அங்கே வேகம் ஐம்பது என்ற பலகை நட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்து யாரும் ஐம்பதில் போனதில்லை. மாதத்தில் ஒரு நாள் பொலிஸார் வேகம் அளக்கும் மெஷினோடு வேப்பமரத்தடியில் நிற்பார்கள். அன்றைக்கு எதிரே வரும் வாகனங்கள் லைட் அடித்து ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும். எல்லோரும் நாற்பதில் ஊர்ந்து போவார்கள். ஊருக்குப் புதியவர்கள் ஒன்றிரண்டு பேர் மாட்டித் தண்டம் கட்டுவார்கள். பொலிஸார் போன பிறகு பழையபடி எண்பது, தொண்ணூறு.

வேகத்தடை கேட்டு ஊர் மனு எழுதியது. இந்தத் தரத்து வீதியில் வேகத்தடை போட விதியில்லை என்று பதில் வந்தது. பதில் வந்த அன்று பின்னேரம் புஷ்பவதி தனஞ்சயனின் குசினி வாசலில் வந்து இருந்தாள்.

"தம்பி, ஹாபரிலை கழிச்சு விடுற கயிறு இருக்கெல்லே. அதிலை ஒண்டு எடுத்துத் தாவன், றோட்டுக்குக் குறுக்கை போட. உன்ரை மருமகள் மாதிரித்தானே அவளும்."

கழித்த வடங்களை வேலையாட்கள் கடிதம் கொடுத்து எடுக்கலாம். கடிதத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுதலாம் என்றான் தனஞ்சயன். சங்கத் தலைவர் தம்பிராசா கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கடுதாசி வேலை தெரிந்தவர். "சங்கம் எண்டால் கூட்டம், தீர்மானம் எண்டு இழுபடும்" என்றார். "உம்மடை பேரிலை எழுதும். கெதியாக் கிடைக்கும்."

அவன் எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் சேர்ந்து லொறியிலிருந்து வடத்தை இறக்கினார்கள். முன்னுக்குப் பிடித்தவர் தம்பிராசா. "தேர்வடம் மாதிரிப் பிடியுங்கோ! அரோகரா!" என்று அவர் கத்த, எல்லோரும் சிரித்தபடி இழுத்தார்கள். கடந்துபோன பஸ்ஸில் கொண்டக்டர் தலையை வெளியே நீட்டினான். "என்ன அண்ணை, சாம்பல்தீவிலை தேரோ? சாமியைக் காணேல்லை?"

"சாமி பின்னாலை வருது, நீ மெதுவாப் போ!" என்றாள் புஷ்பவதி. அவளும் ஒரு கை பிடித்திருந்தாள். வேலை முடிந்து பிளேன்ரீ குடிக்கும்போது தம்பிராசா சொன்னார்: "பொலிஸ் வந்து கேட்டால் ஒரே கதை. ஆர் போட்டது? நாங்கள் எல்லாரும். விளங்கிச்சோ?"

விளங்கியது. மூன்று கிழமை வாகனங்கள் அங்கே வந்து தவழ்ந்தன. கௌசிகா ஊன்றுகோலோடு தாயின் கையைப் பிடிக்காமலே கடந்தாள்.

பிறகு ஒரு தூறல் பின்னேரம், நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் மூதூர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் வந்து வடத்தில் ஏறி விழுந்தான். தோள் எலும்பு உடைந்தது.

பொலிஸ் நிலையத்தில் தனஞ்சயன் பேசிவைத்த கதையைச் சொன்னான். "நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் போட்டனாங்கள் சேர்."

நிப்றாஸ் ஃபைலைப் புரட்டினார். "நீங்க ஒராள் அப்படிச் சொல்றீங்க. பதினொரு பேர் வேற சொல்றாங்க."

வாசித்துக் காட்டினார். 'எமக்கு எவ்வித முன்னறிவித்தலுமின்றி மேற்படி நபர் தன்னிச்சையாக வீதிக்குக் குறுக்கே வடமொன்றை இட்டார்.' அடுத்த தாளிலும் அதே வசனம். அதற்கடுத்ததிலும். வாசித்து முடியுமுன்பே தனஞ்சயனுக்கு அது யாருடைய தமிழ் என்று தெரிந்துவிட்டது. மீன் விற்கிறவரும் மேசனும் 'மேற்படி நபர்' என்று எப்போது கதைத்தார்கள்?

கடைசித் தாள் புஷ்பவதியுடையது. அதிலும் அதே வசனம். அதன் கீழே மட்டும் அவளுடைய சொந்த வாயால் வந்த ஒரு வரி இருந்தது: 'இது வேண்டாத வேலை எண்டு நான் அப்பவே அவருக்குச் சொன்னனான்.'

"அந்த வரியைத் திருப்பி வாசியுங்கோ சேர்."

நிப்றாஸ் திருப்பி வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்கட மகள்ட வான் கேஸும் இங்கதானே இரிக்கி. அதக் குழப்பிக்கொள்ள விரும்பல்ல போல."

"விழுந்த பெடியன் எவ்வளவு வேகத்திலை வந்தவன் எண்டு எழுதியிருக்கோ?"

"அன்றைக்கு மெஷின் அங்க இல்லியே" என்றார் நிப்றாஸ்.

அது நேற்று. இன்று வடத்தின் முன்னால் நின்று தனஞ்சயன் வேலிப் பக்கம் திரும்பினான்.

"தலைவர், ஒரு கை பிடியுங்கோ."

தம்பிராசா இடுப்பில் கை வைத்தார். "எனக்கு நாரி ஏலாது தம்பி. போன கிழமையிலையிருந்து."

மேசன் தன் வேலிப் படலையின் கொண்டியைச் சரிபார்க்கத் தொடங்கினான். யாரோ உள்ளே போய் ரேடியோவைப் போட்டார்கள். புஷ்பவதி மகளின் பின்னால் நின்று, பிள்ளையின் தலைமயிரைப் பிரித்துத் திருப்பிப் பின்னிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பின்னியிருந்த தலை.

"பாருங்கோ சேர்" என்றான் தனஞ்சயன். "ஒருத்தனாலை தூக்க ஏலுமோ? இதைத்தானே நான் சொன்னது."

நிப்றாஸ் வடத்தைப் பார்த்தார். வேலிகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிடம் ஃபைலைக் கையால் தட்டிக்கொண்டு நின்றார். நாளை ஒன்பது மணிக்குக் கோர்ட், பதினொரு வாக்குமூலம், பதினொரு கையெழுத்து.

"கத்தி இரிக்கா தம்பி?"

"என்னத்துக்கு?"

"வெட்டுங்க. துண்டு துண்டா வெட்டினா ஒராள் தூக்கலாம்தானே."

தனஞ்சயனின் இடுப்பில் வேலைக் கத்தி இருந்தது. வடத்தை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இழை பிரிந்து பாழாகும். அவன் கட்டவில்லை. மணலில் முழங்காலிட்டு அறுத்தான். ஒவ்வொரு வெட்டிலும் நுனிகள் விரிந்து மணலில் கிடந்தன. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து ஜீப்பில் ஏற்றினான். நிப்றாஸ் குறிப்பில் எழுதினார்: கயிறு, ஒன்பது துண்டு.

அப்போது நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு வான் பறந்து வந்தது. எதிரே வந்த கார் அதற்கு இரண்டு தரம் லைட் அடித்தது. வான் சட்டென்று தணிந்து, நாற்பதில் ஜீப்பைக் கடந்து, சாரதி மரியாதையாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

ஜீப் புறப்பட்டது. வேலிகளுக்குப் பின்னால் நின்ற சனம் குறைந்தது. முளை பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் வீதியில் இருந்தன. தனஞ்சயன் கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். புஷ்பவதி மகளோடு வீதியைக் கடக்க வந்து நின்றாள். அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஊன்றுகோலை முன்னே வைத்து ஓரத்தைத் தாண்டியிருந்தது.

"தம்பி... நான் வேணுமெண்டு சொல்லேல்லை. அவை எழுதித் தந்தவை..."

"கடைசி வரி அவை எழுதினதில்லை அக்கா."

வளைவுக்கு அப்பால் எஞ்சின் சத்தம் கேட்டது, தணியாத சத்தம்.

"பிள்ளையைக் கையிலை பிடியுங்கோ" என்றான் தனஞ்சயன். "வாகனம் வருது."