அனுப்ப மாட்டோம் தாயே

தப்புப் பறை காய்ச்சுகிற தீயின் வெளிச்சத்துக்குள் ரதியாக வந்து நின்றவன் தன் புருஷன்தான் என்று ஜெயம்மாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. உடுத்தியிருந்தது அவள் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஊதாச் சேலை. சவுரி முடி, ரோஸ் பவுடர், கண்ணோரம் இழுத்துவிட்ட மை. அன்றாடம் ரப்பர் பால் வெட்டப் போகிற இந்திரகுமார் இடுப்பை ஒடித்து ஒரு சுற்றுச் சுற்றியதும் பொட்டல் முழுக்க விசில் பறந்தது.

"பாத்தியா, ஒன்னயவிட அழகா இருக்கான் என் தம்பி," என்று நாத்தனார் தங்கம்மா விலாவில் இடித்தாள். மகள் ஷாமிளா பாயில் ஏறி நின்று கைதட்டினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டமே கூடியிருந்தது. கீழே நாட்டுக் கிராமங்களிலிருந்து சிங்களக் குடும்பங்களும் பாயும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்திருந்தன. சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. பல வருஷத்துக்குப் பிறகு இந்த மாசிக்குத்தான் விடிய விடியக் காமன் கூத்து ஆடப் பொலிஸ் விட்டிருந்தது.

ஜெயம்மாவும் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். மதனாக வந்தவன் கரும்பு வில்லைத் தூக்கிக்கொண்டு ரதியைத் துரத்த, ரதி முறைத்துக்கொண்டு வெட்டித் திரும்ப, தப்புச் சத்தம் அவள் பாதம் வழியாக ஏறி நெஞ்சுக்குள் போய் அடித்தது. இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குக் குவைத்தும் இல்லை, இரண்டு நாளில் அவளை ஏற்றிப்போக வரும் வேனும் இல்லை.

ஒரு மாத லீவில் வந்தவள். சொல்ல வேண்டியதையெல்லாம் பிளேனிலேயே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் வந்த வாரத்திலேயே கூத்துக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினவன் வீட்டில் படுக்கக் கூடாது, பெண்டாட்டியைத் தொடக் கூடாது. இந்திரகுமார் கோயில் மடத்தில் படுத்துக்கொண்டான். காலையில் வந்து வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடிப்பான். அவள் அனுப்பிய காசில் எழும்பிக்கொண்டிருக்கும் சுவரைப் பார்ப்பான். போய்விடுவான். ஒருநாள் தண்ணீர்ப் பீலியடியில் தனியாக மாட்டினான்.

"அங்க நான் வேல செய்ற வீடு சரியில்லங்க," என்றாள்.

அவன் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எல்லா எடத்துலயும் கஷ்டந்தான் புள்ள," என்றுவிட்டு நடந்தான்.

நின்றால் காதில் விழுந்துவிடும் என்று பயந்தவன் நடை அது. அவளாலும் அவனைப் பின்தொடர முடியவில்லை. முதல்முறை குவைத்துக்குக் கிளம்பியபோது போகவேண்டாம் என்று கெஞ்சியவன் அவன். ஒற்றைக்காலில் நின்று போனவள் அவள். இப்போது எந்த வாயால் சொல்வது? எஜமானியம்மா அயர்ன் பெட்டியை வைத்து அழுத்திய தழும்பை, எண்ணெய் தெறித்தது என்று தங்கம்மாவிடம் சொல்லியாயிற்று. எஜமானியம்மாவின் தம்பியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் படுக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். காமன் கம்பம் குப்பென்று பற்றிக்கொண்டது. தப்பு ஓய்ந்தது. ரதி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தீயைச் சுற்றி வந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"பூசுன மஞ்ச காயுமுன்னே போனியே ராசாவே
கொண்டுவந்த சொல்லையெல்லாம் கேக்காம விட்டேனே
வாயெடுத்து வந்தவள வழியனுப்பப் போறேனே..."

கூத்து மாஸ்டர் வேலுசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். கடைசி இரண்டு வரியும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. ரதியின் கன்னத்துப் பவுடர் வழிந்து தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெயம்மா எழுந்தது அவளுக்கே தெரியாது. கைகால் உதறியது. அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் கிளம்பி, நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை.

"சாமி வந்திருச்சு!"

தப்புக்காரர்கள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்து அடித்தார்கள். யாரோ கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் முகத்தில் விழுந்தது. வேலுசாமி மாஸ்டர் சூடத்தட்டோடு எதிரே வந்தார்.

"யாரு தாயே வந்திருக்கது? என்னா கொற, வாயத் தொறந்து சொல்லு."

அவளுக்குச் சாமியும் வரவில்லை, பேயும் வரவில்லை. புத்தி தெளிவாகவே இருந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அவள் சொல்லப்போவதைக் கேட்க நிற்கிறது. இனி ஒருநாளும் இப்படி நிற்காது.

"என்னய அனுப்பாதீங்க," என்றாள். "அந்த வீட்டுக்கு என்னய அனுப்பாதீங்க. அங்க கதவுக்குத் தாப்பா இல்ல."

குலவை பொங்கியது. தங்கம்மா காலில் விழுந்தாள். "அனுப்ப மாட்டோம் தாயே! இந்த மண்ணவிட்டு ஒன்னய அனுப்ப மாட்டோம்!" என்று மாஸ்டர் உருகினார். "கோயிலுக்குக் கதவும் தாப்பாவும் வர்ற வருசமே போட்டுர்றோம் தாயே. மலையேறு!"

"நான் சாமி இல்லங்க... நான் ஜெயம்மா... நாந்தாங்க..."

தப்பு அதை விழுங்கிவிட்டது. நெற்றியில் திருநீறு அப்பினார்கள். நாட்டுச் சிங்களப் பெண்களும் கைகூப்பி நின்றார்கள். கூட்டத்துக்கு வெளியே, சவுரி ஒருபக்கம் சரிந்து தொங்க, ரதி மட்டும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பூராவும் லயத்து வீடுகளின் பெண்கள் வந்து குறி கேட்டார்கள். தங்கம்மா சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "சாமி எறங்குன ஒடம்பு. போற எடத்துல ஒனக்கு ஒரு கொறயும் வராது பாரு." ஜெயம்மா காம்பராச் சுவரில் சாய்ந்து கூரை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமிளா வந்து பசிக்கிறது என்றதும் எழுந்து ரொட்டி சுட்டாள். இந்திரகுமார் வரவே இல்லை.

மறுநாள் காலை கீழே ரோட்டில் வேன் ஹோர்ன் அடித்தபோது வந்தான். காப்பு அவிழ்க்காதவன் மடத்தைவிட்டு வரக்கூடாது என்று தங்கம்மா கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் குதிகாலைப் பார்த்தபடி ஜெயம்மா பின்னால் போனாள். ஆக, இவனே சுமந்துபோய் ஏற்றிவிடப் போகிறான். அழவும் வரவில்லை.

ஏஜென்ட் ரொபர்ட் வேன் கதவைத் திறந்துவைத்திருந்தான். "வெரசா ஏறுங்க, கொழும்புல இன்னிக்கே மெடிக்கல் இருக்கு."

இந்திரகுமார் பெட்டியை வேனுக்கு முன்னால் நடுரோட்டில் இறக்கினான். அதன்மேல் உட்கார்ந்தான்.

"என்னா தம்பி, வெளையாடுறியா? டிக்கட் போட்டாச்சு. பாஸ்போட் என் கையில இருக்கு, தெரியுமில்ல?"

அவன் எழவில்லை. தெரணியகலைப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று பின்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "மொகத மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டான். என்ன தம்பி?

"எயா யன்னே நே," என்றான் இந்திரகுமார், தரையைப் பார்த்தபடி. அவள் போகமாட்டாள்.

ரொபர்ட் கைத்தொலைபேசியை உயரத் தூக்கி சிக்னல் தேடிக்கொண்டே, பொலிஸ் என்றும் கொம்ப்ளைன் என்றும் ஏதேதோ கத்தினான். மேலே லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. லொறிக்குப் பின்னால் பஸ்ஸும் வந்து நின்றது. எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். அந்த இரைச்சலுக்குள் அவன் முகத்தைத் தூக்கி ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்தாள்.

"இப்ப சொல்லு புள்ள. எல்லாத்தயும் சொல்லு."

ஜெயம்மா பெட்டியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அது சின்னப் பெட்டி. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.