தனசிங் சாரின் கெட் வகுப்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்துக்கு ஒரு வினைச்சொல் போதும். சேலையூர் கேம்ப் ரோட்டில், அயூப் பாயின் மெத்தைக் கடைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். மற்ற சென்டர்களில் ஒரே மாதத்தில் மொத்த இங்கிலீஷையும் ஊட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் மாதம் பூராவும் 'டேக்' என்ற ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "இப்படி நடத்துனா எவன் வருவான்?" என்று கத்துவேன். சிரிப்பார். கத்துவது என் வேலை, சிரிப்பது அவர் வேலை என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் வந்தார்கள். 2006 அது. நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடமாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். கால் சென்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டிகிரி முடித்த பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள். இண்டர்வியூவில் வாயைத் திறக்க முடியாமல் திரும்பி வருவார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள்கூட உண்டு. முதல் பெஞ்சில் தபஸ்ஸும் என்று ஒருத்தி உட்காருவாள். பாயின் தங்கை மகள். நன்றாகப் படிக்கிற பெண், ஆனால் இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று இவருக்கு ஒரு வெறி.

அந்த மாதம் 'கெட்'. அதைப் பற்றி இவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். "சீலி, இது இங்கிலாந்துக்காரனோட சொந்த வார்த்தை இல்ல. வடக்கேருந்து படகு கட்டிக் கொள்ளையடிக்க வந்தானுங்களே, அவனுங்க விட்டுட்டுப் போனது. ஆனா அதுக்கு ஒரு பங்காளி ஏற்கெனவே அங்க இருந்தான். அவன் இன்னும் 'ஃபர்கெட்'டுக்குள்ள குடியிருக்கான். ஆதியில அர்த்தம் பிடிக்கிறது. கையில பிடிச்சது நழுவிப்போனா, அதுதான் மறதி." நான் ரசத்தை ஊற்றியபடி, "எனக்குப் பிடிச்சது தூக்கம், அதை விடுங்க" என்பேன். விடமாட்டார். நம் 'பெறு'வும் அப்படித்தானாம். பரிசும் பெறலாம், பிள்ளையும் பெறலாம். அதைச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

வகுப்பில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எதையும் தமிழில் விளக்கமாட்டார், நடித்துக் காட்டுவார். 'கெட் டவுன்' என்றால் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல் மேடையிலிருந்து இறங்குவார். 'கெட் சிக்' என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவார். அவர் சொல்லச் சொல்ல மொத்த வகுப்பும் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் யாராவது ஒருவருக்கு முன்னால் போய் நின்று அந்தச் சொல்லை மட்டும் சொன்னார் என்றால், அந்த ஆள் எழுந்து அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் அடுத்தவரிடம் போவார். பிடிக்கவில்லை என்றால் தலையை ஆட்டுவார், வேறு வாக்கியம் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. தமிழில் ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கு நின்றபடிதான் பாடம்.

அந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாடியிலிருந்து சத்தம் கேட்டது. "கெட்." கொஞ்சம் இடைவெளி. மறுபடி, "கெட்." அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில். கடை வாசலில் நின்ற அயூப் பாய் வாயெல்லாம் பல்லாக, "இன்னாக்கா, இன்னிக்கு சார் செம மூடுல கீறாரு போல. ரோடே கேக்குது" என்றார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் காபி குடிக்காமல் தொண்டையைக் காயவைக்கிறாரே என்று திட்டிக்கொண்டே படியேறினேன்.

அவர் கரும்பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் துணி மாதிரிக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, எச்சில் சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் "கெட்" என்றார். எனக்குப் பின்னாலிருந்து வகுப்பு முழுவதும் "கெட்" என்றது. ஒரு பையன் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏசுவே என்று கத்தியிருப்பேன். கொலைகாரப் பாவிகளா என்றும் கத்தினதாகப் பிறகு சொன்னார்கள். பாய் ஓடி வந்து, இவரைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு இறங்கித் தன் ஆம்னி வேனில் போட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துக்கொண்டு அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இதோ வந்துட்டோம்ங்க, வந்துட்டோம்ங்க" என்றேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். ஆரம்பித்தவுடன் கொண்டுவந்திருந்தால் கதையே வேறு என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, கால் ஓரளவு நடமாடும், கை சந்தேகம்தான். நான் கையைப் பற்றியா கேட்டேன்? "பேச்சு வருமாங்க?" என்றேன். பேச்சுதானே அந்த மனுஷனின் உத்தியோகம், பொழுதுபோக்கு, சண்டை, சமாதானம் எல்லாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த வாய் ஒன்றைத் தவிர வேறு சொத்து இல்லை. "முதல் மூணு மாசத்துல எவ்வளவு வருதோ, பெரும்பாலும் அவ்வளவுதாம்மா. காது கேக்குது, நாம சொல்றது புரியுது. சொல்ல வர்றதுதான் வெளிய வராது" என்றார் டாக்டர். அந்த மூன்று மாதம்தான் எங்கள் கையில் இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாயில் அந்த ஒன்றுதான் இருந்தது. பசித்தாலும் கெட், மூத்திரம் வந்தாலும் கெட். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஓர் அர்த்தம் சொன்னார்கள். தண்ணீர் கேட்கிறார் என்றார் ஒருத்தர். எழுந்து உட்காரணுமாம் என்றார் இன்னொருத்தர். சபையிலிருந்து வந்த ஞானசௌந்தரி அக்கா கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, "கெத்செமனேன்னு சொல்ல வர்றாரு ஜெயசீலி, ஆண்டவரோட பாடுகளை நினைக்கிறாரு" என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அவளை வெளியே தள்ளலாமா என்று கோபமும் வந்தது. அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். கடைசியாக ஓடிக்கொண்டிருந்த சொல் அப்படியே சிக்கிக்கொள்ளுமாம், அவ்வளவுதானாம். சோறு ஆற ஆற அதன் பரம்பரையைச் சொன்னாரே, கடைசியில் ஓர் அர்த்தமும் இல்லாமல் அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் கிழக்குத் தாம்பரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வந்தாள். நல்ல பெண். மற்ற நாட்களில் நான் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து, அவர் நம் உதட்டைப் பார்க்கும்படி ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். எத்தனை தடவை ஆனாலும் விடக்கூடாது.

நான் விடுகிற ஜாதியா? காலையில் கஞ்சி கொடுத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். "தண்ணி. சொல்லுங்க. தண்ணி." வாயை இறுக்கி மூடிக்கொள்வார். "சீலி. என் பேர்தானே, இதாச்சும் சொல்லுங்க. சீலி." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன். கண்ணில் நீர் நிற்கும். மற்ற நேரத்தில் தானாக அந்தக் கெட்டையாவது சொல்கிறவர், நான் 'சொல்லுங்க' என்றால் அதையும் சொல்லமாட்டார். "ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தீங்களே, உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?" என்று கத்துவேன். இரண்டு மாதம் இப்படியே போனது. பயிற்சிக்கு வந்த பெண், அவர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. வீம்பு பிடித்துக் கையிலிருந்த காலத்தை வீணடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் தபஸ்ஸும் வந்தாள், கையில் ஸ்வீட் டப்பாவோடு. நாவலூரில் வேலை கிடைத்துவிட்டதாம். "சாரைப் பாத்துச் சொல்லு, சந்தோஷப்படுவாரு" என்றேன். அறைப்பக்கம் போகாமல் சமையலறைக்கு வந்து மேடை ஓரமாக நின்றாள்.

"இல்ல ஆன்ட்டி. அவர் மூஞ்சியைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"ஏன், என்னாச்சு?"

"அன்னைக்கு நீங்க வந்தப்போ அவர் கீழ உக்காந்திருந்தாரில்ல. அதுக்கு முன்னாடி நடந்ததை நாங்க யாரும் உங்ககிட்ட சொல்லல." டப்பா மூடியை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். "சாக்பீஸ் கீழ விழுந்துச்சு. சார் மொதல்ல என்கிட்டதான் வந்தாரு. என் பெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு என்னையே பாத்து 'கெட்'னு சொன்னாரு. வாக்கியம் கேக்குறாருன்னு எழுந்து 'ஐ கெட் அப் அட் சிக்ஸ்'னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. தப்புன்னு நினைச்சு 'ஐ கெட் வெட் இன் த ரெய்ன்' சொன்னேன். அதுக்கும் ஆட்டினாரு. என் கையைப் பிடிச்சாரு ஆன்ட்டி. ரொம்ப இறுக்கி. நான் இன்னொண்ணு சொன்னேன்."

"அப்புறம்?"

"அடுத்த பெஞ்சுக்குப் போனாரு. அவனும் எழுந்து சொன்னான். ஒவ்வொரு பெஞ்சா போனாரு ஆன்ட்டி. எல்லாரும் எழுந்து எழுந்து சொன்னோம். கால் இழுத்துக்கிட்டு நடந்தாரு, நடிக்கிறாருன்னு சிரிச்சோம். கடைசி பெஞ்சு வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வந்து உக்காந்தாரு. அப்புறம் எங்களைப் பாத்து சொல்லச் சொல்ல, நாங்க திருப்பிச் சொன்னோம். அழுதாரு. அதையும் நடிப்புன்னு..." டப்பாவை மேடையில் வைத்துவிட்டாள்.

நான் அவளைத் திட்டவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தார்கள் பாவிப் பிள்ளைகள். வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

அறையில் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் குரல் கேட்டிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இன்னைக்குப் பயிற்சி இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு வகுப்புல, உங்களுக்கு என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"பிள்ளைங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துதா?"

அசைத்தார்.

ஒரு பெஞ்சு விடாமல் போய்க் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். ஒவ்வொருவரும் எழுந்து நின்று பாடம் ஒப்பித்திருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தால், நான் ஒருத்தி தினமும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, சொல்லுங்க, சொல்லுங்க என்று அதையே செய்திருக்கிறேன். வீம்பு என்றேனே. அது வீம்பு இல்லை, பயம். இந்த மூன்று மாதமும் அவர் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

ஆனாலும் நாள் ஓடிக்கொண்டிருந்தது, டாக்டர் சொன்ன கெடு முடியப்போகிறது. மனசு கேட்கவில்லை. குனிந்து, என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னேன். "கடைசியா ஒரு தடவைங்க. யாரும் இல்ல, நாம ரெண்டு பேர்தான். சீ..."

இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினார். அழுத்தவில்லை. கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்காமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

சரி என்று நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பேசச் சொல்வதில்லை.