சுருளியில் விட்ட பட்டு

தேவயானியின் பெட்டியில் இருந்த சேலைகளில் ஒன்றுகூட அவளுக்கென்று எடுத்தது இல்லை. அவள் பிறப்பதற்கு இருபது முப்பது வருடம் முன்பே யார் யாரோ ஆசைப்பட்டு எடுத்தவை. வெங்காயச் சருகு போல மெலிந்த நைலெக்ஸ், பெரிய பெரிய பூப்போட்ட ஜார்ஜெட், புள்ளி வைத்த வாயில் சேலை. கூடவே கை உப்பிய பஃப் ரவிக்கை ஏழு. கம்பத்துத் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் மூன்று பேரிடம் அவளுடைய செல் நம்பர் இருந்தது. நல்லதாக எதுவும் அகப்பட்டால் கூப்பிடுவார்கள். ஊரே துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்க, இவள் மட்டும் பாத்திரத்தைக் கொடுத்துத் துணி வாங்கினாள். மகள் கல்யாணத்துக்கென்று அம்மா பரணில் சேர்த்து வைத்திருந்த தூக்குவாளியும் சம்புடமும் ஒவ்வொன்றாக அப்படித்தான் வீட்டை விட்டுப் போயின.

ஊர் உலகத்தில் பிள்ளைகள் புதுசு வேண்டும் என்று அழும், என் மகள் செத்தவள் சேலைக்கு அலைகிறாள் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவயானி பதில் சொல்வதில்லை. இருபத்தொன்பது வயதுவரை அவள் யாருக்கும் எதிர்த்துப் பதில் சொன்னது கிடையாது. எப்சிபாவின் தையல் கடையில் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் மடிப்பது, ரவிக்கை தைப்பது அவள் வேலை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரும். அதுவும் ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் வரும். ஒரு குறை, அந்தப் பதில் எப்போதும் உண்மையாக இருக்கும்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள், ஒரு பட்டுச் சேலை சிக்கியிருக்கிறது என்று சுருளியாண்டி போன் செய்தான். சுருளியில் முன்னோருக்குத் திதி கொடுக்கிறவர்களும் தோஷம் கழிக்கிறவர்களும் தலை முழுகிவிட்டுத் துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். பாவத்தை ஆறு கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. ஆறு கொண்டுபோவது என்னவோ நூறடிதான். அதற்குக் கீழே பாறை இடுக்கில் சிக்கியதையெல்லாம் சுருளியாண்டி இழுத்துப்போட்டுக் காயவைத்து, தேனியில் இருக்கும் லாரிப் பட்டறைகளுக்குத் துடைக்கிற துணியாகக் கொடுப்பான். அந்த வகையில் கம்பம் பள்ளத்தாக்கின் பாவத்தில் ஒரு பங்கு டீசல் இஞ்சின்களைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தேவயானி முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது அவன் அந்தச் சேலையை நாலாகக் கிழிக்கக் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். மயில் கழுத்துப் பச்சை. அரக்குக் கரையில் கோபுரம் கோபுரமாக அசல் ஜரிகை. கொசுவத்துக்குள் ஆற்று மணல், முந்தானையில் கற்பூரக் கரி. பரணில் மிச்சமிருந்த கடைசிப் பாத்திரமான குத்துப்போணி அன்றைக்குக் கைமாறியது.

அந்தப் பட்டைத் தேற்ற ஐந்து மாதம் ஆயிற்று. முதலில் மணல் தானாக உதிரும்வரை நிழலில் போட்டுவைத்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையை மட்டும் எடுத்து, பிழியாமல், கசக்காமல், குழந்தையின் தலைக்கு ஊற்றுவது போல அலசினாள். ஜரிகை கறுத்திருந்ததைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாள் அம்மா. தேவயானி சேலையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கற்பூரக் கரியை எடுக்க மட்டும் கார்த்திகை முழுவதும் ஆனது. எதற்கும் போகாதது ஒன்றே ஒன்றுதான். முந்தானையின் உள்மூலையில் சேராங்கொட்டைப் பாலால் போட்ட சலவைக் குறி, ஒரு வட்டமும் மூன்று புள்ளியும். அது போகாது என்று அவளுக்கும் தெரியும். போகாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டாள்.

தை மாதம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் அனுஷ்காவுக்கு ரவிக்கை தைத்தவள் என்ற உரிமையில் தேவயானி அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், நனையாமல் இருக்க முந்தானையை, உள்மூலைக் குறி வெளியே தெரிய, மடக்கிப் பிடித்தபோது, பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சேலைய எங்கனத்தா எடுத்த?"

"சுருளியில, பெரியம்மா."

கையைப் பிடித்தவள் கூடலூர் ஜக்கம்மா. அவளுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு, இரண்டு ஜீப் உண்டு, முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாத மதன்குமார் என்று ஒரு மகனும் உண்டு. அந்தப் பட்டு அவளுடைய நாத்தனார் முருகம்மாளுக்கு நிச்சயத்துக்கு எடுத்தது. அந்த நிச்சயம் முறிந்து ஐம்பது வருடமாகிறது. முருகம்மாள் அந்தச் சேலையை மறுபடி உடுத்தவுமில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவுமில்லை. கல்யாணமே வேண்டாம் என்று எழுபது வயதுவரை இருந்து போய்ச் சேர்ந்தாள். அவள் ஏக்கம்தான் சேலைக்குள் இருந்துகொண்டு பையன் கல்யாணத்தைத் தடுக்கிறது, தண்ணீரில் விட்டுவிடு என்று ஜோசியர் அய்யாத்துரை சொல்ல, ஜக்கம்மாவே ஆடி அமாவாசையன்று கொண்டுபோய் விட்டாள். ஐந்து மாதமாக ஒரு வரனும் கூடி வந்து திகையாதது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தோஷம் கடலுக்குப் போகவில்லை. வழியிலேயே கரையேறி, குளித்து, தலைவாரிக்கொண்டு உத்தமபாளையத்தில் பாயசம் சாப்பிட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் ஜக்கம்மா புதுப்பட்டு ஒன்றோடு தையல் கடைக்கு வந்தாள். பட்டுக்குப் பட்டு, பழசைக் கொடுத்துவிடு, இந்த முறை கல்லைக் கட்டி விடுகிறேன் என்றாள். தேவயானி தலையை அசைத்தாள். அது இல்லை என்கிற அசைவு என்று அங்கிருந்த மூன்று பேருக்குமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவளுக்கே அது புதிதாக இருந்தது.

கம்பத்தில் செய்தி பரவ ஒரு பகல் போதும். தோஷச் சேலை கட்டுகிறவள் கையால் கல்யாண ரவிக்கையா என்று அந்த வாரமே மூன்று வீட்டார் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

"எனக்குத் தோசமும் கெடையாது, கீசமும் கெடையாது. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ," என்றாள் எப்சிபா. "ஆனா வர்றவுகளுக்கு இருக்கேடி. தையில கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா பங்குனிக்கு என்ன பண்ண?"

தேவயானி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எப்சிபாவோடு ஜக்கம்மா வீட்டில் திருப்பிக் கொடுக்கக் கூடலூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மடியில் இருந்த பொதியின் மேலேயே கையை வைத்திருந்தாள்.

அய்யாத்துரை அங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சேலையைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தண்ணீர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை மறுபடி தண்ணீருக்குக் கொடுக்கக் கூடாது என்றார். ஒரு தடவை பரிகாரம் தவறிப்போனதற்கு ஆறுதான் பொறுப்பு என்பதையும் அதிலேயே சொல்லி முடித்தார்.

"அது யாரு மேல ஏறுச்சோ அந்தப் புள்ளதான் சுமந்து கழிக்கணும். செவ்வாயும் வெள்ளியும் கட்டணும். அமாவாசையும் விடக் கூடாது. பையனுக்குத் தெகையிற வரைக்கும்."

ஜக்கம்மா கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். தேவயானி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பொதி அவளோடேயே கம்பத்துக்குத் திரும்பியது. போன மூன்று வீட்டு ரவிக்கையும் பின்னாலேயே வந்தன. தோஷத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டதால் மற்றவர்களுக்கு நிம்மதி.

முதல் மாதம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதம். பழையதைக் கட்டுகிறாள் என்று இத்தனை வருடம் ஏச்சு வாங்கியவளுக்கு, கட்டவில்லையென்றால் ஏச்சு. பஃப் கை ரவிக்கையும் மயில் கழுத்துப் பச்சையுமாக வாரம் இரண்டு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, காந்தி சிலை வழியாகக் கடைக்கு நடந்தாள். எதிரில் வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எந்த மகாராணிக்கும் கம்பம் இப்படி வழிவிட்டிருக்காது. காலையில் ஜக்கம்மா வீடியோவில் கூப்பிட்டுச் சரிபார்ப்பாள். "கொஞ்சம் போனை எறக்குத்தா, கரை தெரியல" என்பாள். தேவயானி கரையைக் காட்டுவாள்.

பங்குனி வெயில் ஏறியதும் பட்டு தன் வயதைச் சொல்ல ஆரம்பித்தது. ஐம்பது வருடம் பெட்டிக்குள் படுத்திருந்த நூல், வாரம் இரண்டு நாள் வேர்வையும் பஸ் நெரிசலும் தாங்காது. முதலில் முழங்காலுக்கு மேலே, பழைய மடிப்பு விழுந்த இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அடுத்த செவ்வாயில் அது விரல் நீளம். தேவயானி உள்பக்கம் மல் துணியை ஒட்டுக் கொடுத்து, தலைமுடி போன்ற நூலால் பிடித்தாள். வெள்ளிக்கிழமை அதற்குப் பக்கத்தில் இன்னொன்று விட்டது. தையல் போட்ட இடம் பலமானால் போடாத இடம் கோபித்துக்கொள்ளும். பட்டு அப்படித்தான்.

அவள் தானாகவே போன் செய்தது அது முதல் முறை. சேலை விரிசல் விடுகிறது, இப்படியே கட்டினால் ஆனி வரைக்கும் தாங்காது, மாதம் ஒரு நாள் கட்டுகிறேனே என்று கேட்டாள்.

"கிழியட்டும்த்தா," என்றாள் ஜக்கம்மா சந்தோஷமாக. "கிழியக் கிழியத்தான் கழியும்."

சேலையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்திருந்தவள், இப்போது உடுத்தச் சொல்கிறார்களே என்று பயந்தாள். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறாமல் வீட்டிலிருந்தே நடந்தாள். கடையில் உட்காராமல் நின்றே ஃபால்ஸ் அடித்தாள். டீ குடிக்கவில்லை. எப்சிபா ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, உட்காருடி, சேலைக்காக மனுசியா, மனுசிக்காகச் சேலையா என்று கேட்டாள். தேவயானி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

சித்திரையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீடியோ அழைப்பு வரும் நேரத்துக்கு முந்தானையை மட்டும் விரித்து நைட்டியின் மேல் போட்டுக்கொண்டு நின்றாள். கரையைக் காட்டினாள். அழைப்பு முடிந்ததும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, சுடிதார் போட்டுக்கொண்டு பின்தெரு வழியாகக் கடைக்குப் போனாள். கட்டியிருக்கிறாயா என்று ஜக்கம்மா கேட்கவில்லை, கரையைக் காட்டு என்றுதான் கேட்டாள். ஆகவே பொய் சொல்ல வேண்டி வரவில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடியது. சேலையை முழுதாக உடுத்தாத அந்த மாதத்தில்தான் மதன்குமாருக்குப் பெண் திகைந்தது.

வைகாசி பிறந்து ஜக்கம்மா ஒரு பெட்டித் திராட்சையோடு வீட்டுக்கே வந்தாள். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெண் கோயம்புத்தூர், பெயர் திரிஷா, கம்ப்யூட்டர் வேலை, ஆவணியில் கல்யாணம் என்று எல்லாம் சொன்னாள். தேவயானியின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். பிறகு குரலை இறக்கி, வந்த விஷயத்துக்கு வந்தாள். அந்தப் பெண் புதுப்பட்டே வேண்டாம் என்கிறதாம். மாப்பிள்ளை வீட்டில் பழைய காலத்துப் பட்டு இருந்தால் அதைத்தான் கட்டிப் போட்டோ எடுப்பேன் என்கிறதாம். இப்போது அங்கெல்லாம் அதுதான் பேஷனாம்.

"எங்க வீட்டுச் சேலதானத்தா. அதான் தோசமும் கழிஞ்சிருச்சே. எடுத்துட்டு வா, பாப்பம்."

தேவயானி உள்ளே போய் வெள்ளைப் பொதியை எடுத்து வந்தாள். கட்டிலில் வைத்து அவிழ்த்தாள். மல் துணி வைத்த இடங்கள் தெரியாதபடி மடித்திருந்தது. ஜக்கம்மாவின் கை நீண்டு வந்தது. தேவயானி அந்தக் கையையே பார்த்தாள். கோயம்புத்தூரில் இருட்டிலும் விளக்கிலும் புல்லிலும் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், ஒரே நாளில் பட்டு நார் நாராகிவிடும் என்று நினைத்தாள். எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரியாது. உள்ளதைச் சொல்லத்தான் தெரியும்.

"தாரேன் பெரியம்மா. ஆனா சித்திரை பூரா நான் இதை ஒழுங்காக் கட்டல. போனுக்கு மட்டும் முந்தானைய நைட்டி மேல போட்டுக்கிட்டு நின்னேன். கழிஞ்சிச்சா, பாதி உள்ளயே இருக்கான்னு எனக்குத் தெரியாது."

நீண்ட கை, தோசைக்கல்லைத் தொட்டது போலத் திரும்பியது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஜக்கம்மா வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"இதை வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"பொண்ணு வீட்டுக்காரவுக காதுல விழுந்துறக் கூடாது. அய்யாத்துரைக்கும் தெரிய வேணாம்." ஜக்கம்மா எழுந்து நின்று பொதியிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் போனாள். "நீயே வச்சுக்க. இனிமே கட்டாத. பெட்டிக்குள்ள பூப்போல வையி. ஒரு நூல் விட்டாலும் உள்ள இருக்கது வெளிய வந்துரும். என்ன, கேக்குதா?"

கேட்டது என்று தேவயானி தலையை அசைத்தாள். போகும்போது கல்யாணத்துக்குத் தேவயானியும் அம்மாவும் வரவேண்டாம் என்றும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, திராட்சைப் பெட்டியை மறக்காமல் வைத்துவிட்டுப் போனாள் ஜக்கம்மா. அவள் தலை மறைந்ததும் அம்மா ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, புளிப்பு என்றாள்.

ஆவணியில் கல்யாணத்தன்று எப்சிபா கடையைச் சாத்திவிட்டுக் கூடலூருக்குப் போயிருந்தாள். தேவயானி வீட்டில் பட்டைக் கட்டிலில் விரித்து, மூன்றாவது விரிசலுக்கு அடியில் மல் துணியை வைத்துக்கொண்டிருந்தபோது செல் ஒலித்தது. எப்சிபா மணப்பெண் படம் அனுப்பியிருந்தாள். பழசு போலவே தெரியும்படி புதிதாக நெய்த மயில் கழுத்துப் பச்சைப் பட்டு, ஜரிகையைக் கறுக்க வைத்தே விற்கிறார்களாம் என்று கீழே எழுதியிருந்தாள். தேவயானி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தோளில், ஜரிகைக்கு நடுவிலேயே, பெரிய ஊக்கு ஒன்றைக் குத்தி இழுத்து வைத்திருந்தார்கள். அவளுக்குத் தன் தோளிலேயே குத்தியது போலிருந்தது.

புதுசுதானே, தாங்கும் என்று நினைத்துக்கொண்டு செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.