மச்சான் பிடித்த கயிறு

"இன்னாம்மா இது? நாளைக்கு நிச்சயம், இன்னிக்கு செவுத்துல ஒருத்தன் கயித்துல தொங்கிகினு கீறான்!"

மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள், மேனாம்பேட்டில் பெண் வீட்டு ஃபிளாட்டின் கூடத்தில் நின்று சுவரைக் காட்டிக் கேட்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் பின்னால் பழங்குடி ஓவியம் இருந்தால்தான் போட்டோ எடுபடும் என்று மாப்பிள்ளை அஸ்வின் சொல்லியிருந்தான். பெண் வீட்டார் ஆவடியிலிருந்து ஷர்மிளாவை வரவழைத்திருந்தார்கள்.

ஷர்மிளா நீலகிரிக் குறும்பர் வீட்டுப் பெண். பிறந்து வளர்ந்தது அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில். மலையில் சுவரில் உருவம் வரைவது ஆண்கள் வேலை. பெண்களுக்கு ஓரக்கோடு மட்டும். அக்ரிலிக் பெயிண்ட் டப்பாவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியாது.

"அவரு பாறையில தேன் எடுக்கிறாரு ஆன்ட்டி."

"மேல கயித்தப் புடிச்சிகினு கீறவன்?"

"பொண்டாட்டியோட அண்ணன். எங்காளுங்க கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாங்க. தங்கச்சி தாலியாச்சே, உட மாட்டாரு."

"ஐயய்யே, நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது! தொங்கறவன அழிச்சிட்டு அங்க ஒரு காரு போடு. பொண்ணூட்ல குடுக்கிறாங்களே, அந்த செவப்புக் காரு. நாங்க ஒண்ணும் கேக்கல. அவங்களா ஆசப்பட்டுத் தர்றாங்க. இன்னாப்பா?"

"ஆமா அத்த," என்றான் மணப்பெண் ஸ்வாதியின் அண்ணன் கோகுல்நாத். அந்தக் காருக்காகப் பாடி பகுதியில் இருந்த தன் லேத் பட்டறையை விற்கப் பேசி முடித்திருந்தான்.

சொன்னதை வரைவதுதான் ஷர்மிளாவின் தொழில். தேன்காரர் மறைந்தார், கார் வந்தது.

"கயிறு?"

"இருக்கட்டும். டிசைனா கீது."

மேலே இருந்தவன் குச்சிக்கால்களை ஊன்றி, முதுகு வளைந்து, இப்போது காரைத் தாங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். "மச்சான், வாங்க!" என்று அஸ்வின் கோகுல்நாத்தை அந்த உருவத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி செல்ஃபி எடுத்தான். கோகுல்நாத் சிரித்துக் கொடுத்தான்.

ஸ்வாதி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். ஷர்மிளாவின் கையிலிருந்து தூரிகையை வாங்கினாள். சுவரின் காவி நிறத்தில் தோய்த்து, கயிற்றின் நடுவே ஒரே இழுப்பாக இழுத்தாள். கயிறு அறுந்தது.

"ஏய், இன்னா பண்ற?"

"எங்கண்ணன் கயித்த உட்டுட்டான் அத்த. காரு கெடையாது. பட்டறையும் விக்கல. பொண்ணு மட்டும் போதும்னா நாளைக்கு வாங்க."

அஸ்வின் அம்மாவைப் பார்த்தான். ஜெகதாம்பாள் ஷர்மிளாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா வேடிக்க பாக்குற? கயித்த ஒட்டிப் போடு!"

"காயணும் ஆன்ட்டி. டைம் புடிக்கும்."

அக்ரிலிக் காய ஐந்து நிமிடம் போதும். ஷர்மிளா டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள்.