அடிவரி

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் எண் காட்டும் டிவியை மாட்டிக் கொடுத்தவர், ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணின் அத்தான். மிக்ஸியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் விழித்த நாளிலிருந்து குடும்பத்தில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர். சீட்டுக்கட்டு அளவே இருந்த ஒரு கம்ப்யூட்டரை டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போனார். அன்று முதல் திரையில் படம் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டே தெரிந்தது. 12-இல் முன்னால் இருந்த 1 மறைந்துபோக, பன்னிரண்டாம் எண்காரரும் இரண்டாம் எண்காரரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள்.

இன்று காலை அத்தான் கீபோர்டும் கையுமாக வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் செட்டிங்கில் ஒரு வரியைத் திருத்துவார், அணைத்து மறுபடி போடுவார், உதட்டைப் பிதுக்குவார். டாக்டரையும் காணோம். ரிசப்ஷன் பெண்ணோ ஒன்பது மணியிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் வந்துட்டே இருக்காரு. இப்பதான் போன்ல பேசினேன்.”

பேசவில்லை. அவர் போனையே எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு, “பிடிச்சுட்டேம்மா!” என்று அத்தான் கத்தினார். படம் சுருங்கித் திரைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. எண்கள் முழுசாகத் தெரிந்தன. இத்தனை நாளும் கண்ணில் படாத அடிவரியும் தெரிந்தது. அதில், நேற்று கிளம்பும்போது டாக்டர் தன் அறையிலிருந்தே தட்டிவிட்டுப் போன அறிவிப்பு: ‘டாக்டர் வெள்ளிக்கிழமை வரை விடுப்பு.’

வீங்கிய கன்னங்கள் அத்தனையும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின.

அத்தான் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“பிரமாதம் அத்தான்” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. “இப்ப அதைப் பழையபடியே ஆக்குங்க.”